“சும்மா விசாரணைதான், வந்துட்டுப் போங்க”

கேள்வி: என் கணவர் எலக்ட்ரீஷியன். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போனார். அந்த வீட்டில் ஐந்து பவுன் செயினைக் காணவில்லை என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. “சும்மா விசாரணைதான்” என்றார்கள். காலை பத்து மணிக்குப் போனவரை இரவு ஒன்பதுக்குத்தான் அனுப்பினார்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, வெற்றுத் தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். நான்கு நாளாகத் தினமும் வரச் சொல்கிறார்கள். கேஸ் போட்டிருக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. “பாதிப் பணத்தைக் கொடுத்து முடிச்சுக்கோ” என்கிறார்கள். இப்போது 62 வயது மாமியாரையும் கூட்டிவரச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் பணம் கொடுக்காதீர்கள். கடன் வாங்கியாவது கொடுத்துத் தொல்லையை முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால், கொடுத்த மறுநாளே “எடுக்காதவன் ஏன் கொடுத்தான்?” என்ற பேச்சு வரும். திருட்டைக் கண்டுபிடிப்பதுதான் காவல் நிலையத்தின் வேலை. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பணம் பேசி முடிக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் அதற்குக் கொடுக்கவில்லை.

அடுத்து, அந்தச் “சும்மா விசாரணை”. அப்படி ஒன்று சட்டத்தில் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, விஷயம் தெரிந்த சாட்சி என்று கருதினால் 179-ஆம் பிரிவின்கீழ் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். சந்தேகம் அவர் மீதே என்றால், கைது தேவைப்படாத நிலையில், 35(3)-இன்கீழ் நோட்டீஸ் தர வேண்டும். இரண்டுக்கும் காகிதம் உண்டு. போனில் கூப்பிடுவது நோட்டீஸ் ஆகாது. 35-இன்கீழ் தரும் நோட்டீஸை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. உங்கள் கணவர் சாட்சியா, சந்தேக நபரா என்பதை அந்தக் காகிதம்தான் சொல்லும். அது இல்லாததால்தான் நான்கு நாளாக இரண்டும் கெட்டானாக நிற்கிறார்.

கேஸ் போட்டிருக்கிறதா என்ற கேள்வியை விடாதீர்கள். நம் ஊரில் புகாரைப் பெற்றதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். என்ற ரசீதை மட்டும் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் “விசாரிப்பது” பழகிப்போன வழக்கம். புதிய சட்டம் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. ஆனால் அது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், அதுவும் டி.எஸ்.பி.யின் அனுமதியோடு. வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 305-இன்படி ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. அதற்கு அந்தச் சலுகை பொருந்தாது. புகார் வந்ததும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் சொன்னது. எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் விசாரணை நீதிமன்றத்தின் பார்வைக்கு வரும். இல்லாதவரை உங்கள் கணவர் ஸ்டேஷனில் இருந்த பதினோரு மணி நேரத்துக்கு எங்கும் பதிவே இருக்காது. எனக்குக் கவலை தருவது அதுதான். 2020-இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையையும் மகனையும் இழந்த பிறகும் இப்படிக் கடிதங்கள் வருவது மனதை உறுத்துகிறது.

வெற்றுத் தாள் கையெழுத்துக்குப் பயந்து உட்கார்ந்துவிடாதீர்கள். விசாரணையில் சொன்னதை எழுதினாலும் அதில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவு. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகச் செல்லாது. ஒரு விதிவிலக்கு உண்டு: அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியம் ஆகும். அதனால் “எங்கே வைத்தேன் என்று காட்டுகிறேன்” என்ற வகையில் எதையும், அடி தாங்காமல்கூட, சொல்லிவிட வேண்டாம் என்று கணவருக்குச் சொல்லுங்கள்.

இன்றே மாவட்ட எஸ்.பி.க்கு ஒரு மனு எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் அழைத்தார், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியது, பணம் கேட்டது, போனை ரசீதில்லாமல் எடுத்தது எல்லாம் இருக்கட்டும். போனை வழக்குக்காகக் கைப்பற்றியிருந்தால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அந்த நாட்களின் சிசிடிவி காட்சிகளைப் பாதுகாக்கும்படியும் கேளுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 உத்தரவு. ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.

மாமியாரை அழைத்துப் போகாதீர்கள். சாட்சியாக ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், வயது எதுவானாலும். வீட்டுக்கு வந்து கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லட்டும்.

ஆனால் கணவர் ஊரை விட்டுப் போகக் கூடாது. நோட்டீஸ் வந்தால் கட்டாயம் ஆஜராக வேண்டும். ஆஜராகாவிட்டால் அதையே காரணமாக வைத்துக் கைது செய்யலாம். ஒத்துழைப்பவரைக் கைது செய்ய, காரணத்தை எழுதிவைத்தாக வேண்டும். போகும்போது ஒரு வழக்கறிஞரை அழைத்துச் செல்லுங்கள். கைது பயம் உண்மையிலேயே இருந்தால், எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திராமல் முன்ஜாமீன் கேட்கலாம். தொல்லை தொடர்ந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்; மதுரைக் கிளையை விட்டுவிடுங்கள்; உங்கள் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வுக்கு உட்பட்டது, விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தக் கூடாது என்று உத்தரவு கேட்டு அங்கே மனுப் போடலாம்.

மீறிக் கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உங்களுக்குத் தகவல் தர வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் அவரே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, கைதானவருக்கும் உண்டு. 15100-க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். மனுவின் நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.