பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா?

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. 2013-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். தினமும் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மூன்று மாதமாக பிரேக் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போன பிறகுதான் பிடிக்கிறது. இரண்டு தடவை வேகமாக மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமுங்களா?
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: தம்பி, இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நாம் மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவதுதான் மாஸ்டர் சிலிண்டர். முதலில் உங்கள் காலை வைத்துப் பார்த்துவிடலாம். பட்டறையில் முப்பது வருடமாக நான் செய்வது இதுதான். இதற்குக் காசும் இல்லை, ஸ்பேனரும் வேண்டாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) தீரும்வரை பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். அப்புறம் ஒரே அழுத்தாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். காலுக்கடியில் பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், எங்காவது ஆயில் கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. அப்படியானால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள். இறங்காமல் நின்று, ஆனால் பஞ்சை அமுக்குவது போல் இருந்தால், ஆயில் ஓடும் லைனில் காற்று இருக்கிறது. கட்டை மாதிரி கெட்டியாக நிற்கிறது, ஆனால் ரொம்பக் கீழே போய்த்தான் நிற்கிறது என்றால் பின் டிரம்முக்கும், அதன் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கடைசிக் காரணத்தின் மேல்தான் சந்தேகம். ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென்று மேலே வந்தால் சந்தேகமே வேண்டாம், ஷூதான். மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் ஆயில் கொஞ்சம்தான். ஷூ டிரம்மைத் தொடுவதற்கே அதில் பாதி செலவாகிவிட்டால் பெடல் கீழே போகத்தானே செய்யும்? ஷூ முழுக்கப் பின்வாங்கும் முன் இரண்டாவது மிதி விழுவதால்தான் அது மேலே வருகிறது.

இந்த இடைவெளியைத் தானாகவே சரிசெய்துகொள்ள டிரம்முக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. நம் பக்கத்தில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்கால் மேட்டு மண் தடத்திலும் நார் மில் ஓரத்திலும் ஓடும் வண்டிகளைக் கழற்றினால், ஷூவின் கருந்தூளோடு செம்மண்ணும் சேர்ந்து அந்தச் சக்கரம் களிம்பு ஏறிச் சிக்கிக் கிடக்கும். கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸ் துளி வைத்து மாட்ட வேண்டும். தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். டிரம்மைக் கையால் சுற்றும்போது ஷூ லேசாக உரசி ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும்வரை சக்கரத்தைத் திருப்பினால் போதும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும்.

இன்னொன்று. பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவே இல்லையே? டப்பாவைத் திறந்து பாருங்கள். புது ஆயில் இளமஞ்சளாக இருக்கும். கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். நிறம் நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கலாம். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. கொதித்தால் குமிழி வரும். குமிழி அமுங்குமே தவிர பிரேக்கைத் தள்ளாது.

இதை நான் அனுபவித்தவன். சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு வால்பாறையிலிருந்து இறங்கினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது கியரிலேயே பிரேக்கை நம்பி இறங்கியது என் தவறு. ஆயில் நாலு வருடப் பழசு, அதுவும் என் தவறு. ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் காட்சிமுனைக்குச் சற்று முன்னால் பெடல் தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, காட்சிமுனையில் ஒதுக்கி நிறுத்தினேன். கீழே ஆழியாறு அணை பளபளவென்று தெரிந்தது. என் மகள் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முழங்கால் நடுங்கியது. முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது. சூடு ஆறினால் தடயமே இருக்காது. அதனால்தான் பலர் மறுநாள் ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆயிலை மாற்றினேன்.

ஆயில் மாற்றி ஏர் எடுக்க, அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளை (சக்கரத்தருகே காற்றை வெளியேற்றும் திருகை) திறந்து மூடிய பிறகுதான் மிதித்தவர் காலை எடுக்க வேண்டும். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்கவே கூடாது. அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் கடைக்கோடியில் ரப்பர் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு இருக்கும். அங்கே போனால் ரப்பர் கிழியும், நல்ல சிலிண்டரும் அன்றே கெட்டுப்போகும். டப்பாவில் ஆயில் வற்றினால் மறுபடி காற்று புகும், அதனால் நிரப்பிக்கொண்டே இருங்கள். எந்த ஆயில் என்று மூடியிலேயே போட்டிருக்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: முன் சக்கரம் இரண்டுக்கும் காலிப்பர் மாற்றினேன். மூன்று தடவை ஏர் எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருக்கிறது. ஏன்?
— ஒரு வாசகர், கோபிச்செட்டிபாளையம்

பதில்: சக்கரத்தைக் கழற்றி நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரின் மேல் பக்கம் இருக்க வேண்டும். இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தால் நிப்பிள் அடியில் போய்விடும். காற்று மேலே தங்கிவிடும், எத்தனை லிட்டர் ஊற்றினாலும் வெளியே வராது. நிப்பிள் சரியான இடத்தில்தான் இருக்கிறது, வண்டியில் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டு என்றால், அந்த யூனிட்டுக்குள் காற்று சிக்கியிருக்கலாம். பல வண்டிகளில் அதை ஸ்கேனர் வைத்துத்தான் எடுக்க முடியும்.

கேள்வி: இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது காலுக்கடியில் பிரேக் பெடல் கொஞ்சம் இறங்குகிறது. பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மணி. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இறங்காமல் கல்லாகவே நின்றால் அப்போது எழுதுங்கள்.