இரண்டாவது கீப்பர்: வாசகர் கேள்வி, விளையாட்டு சார் பதில்

கல்லூரி அணியில் இரண்டு வருடமாக நான் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கீப்பருக்கு ஒரு காய்ச்சல்கூட வர மாட்டேன் என்கிறது. பேசாமல் கையுறையைக் கழற்றிவிடலாமா சார்?
*(மாணவர், முத்தியால்பேட்டை)*

அவருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைக்காத வரை நீ நல்ல பிள்ளைதான் தம்பி. உப்பளம் மைதானத்தில் நானும் பெஞ்சைத் தேய்த்தவன். அதனால் உனக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நூனோ எஸ்பிரிட்டோ சான்ட்டோவைத் தெரியும்தானே? இங்கிலீஷ் லீக் பார்ப்பவர்களுக்கு அந்தத் தாடி மறக்காது. 1974-ல் சாவோ தோமே தீவில் பிறந்த போர்ச்சுகல்காரர். கீப்பர். ஸ்பெயினில் சில வருடம் ஆடிவிட்டு 2002-ல் போர்ச்சுகலின் போர்ட்டோ அணிக்கு வந்தார். வந்த இடத்தில் முதல் கீப்பராக வீட்டோர் பாயா நிற்கிறார்! தோனி ஆடிய காலத்தில் விக்கெட் கீப்பராக இருந்த நம் பையன்கள் பாடுதான் அவருக்கும்.

2004 மே மாதம் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், போர்ட்டோவுக்கு எதிரே பிரெஞ்சு லீக்கில் ஆடும் மொனாக்கோ. நள்ளிரவு தாண்டி நண்பர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீடு அது, நண்பர் மொனாக்கோ பக்கம் நிற்காமல் வேறு என்ன செய்வார்? போர்ட்டோ 3-0 என்று ஜெயித்ததும் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். கோலில் நின்றது பாயா. நூனோ அன்று ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

அதே வருடம் டிசம்பரில், ஜப்பானின் யோகோஹாமாவில், ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பை. எதிரணி கொலம்பியாவின் ஒன்சே கால்டாஸ். கோல் விழாமல் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பாயாவுக்கு நெஞ்சு படபடத்து, வெளியே அழைத்துப் போனார்கள். நூனோ உள்ளே வந்தார். கூடுதல் நேரத்திலும் கோல் இல்லை, பெனால்டி. கீப்பராக நின்றவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். உடம்பு சூடேறியிருக்காது, பந்தின் வேகம் கைக்குப் பழகியிருக்காது, அதற்குள் ஒருவர் பின் ஒருவராக வந்து உதைப்பார்கள். போர்ட்டோ 8-7 என்று கோப்பையைத் தூக்கியது.

நான் உன்னிடம் கேட்பது இதைத்தான். உன் முதல் கீப்பர் நாளைக்குத் திடீரென்று உட்கார்ந்துவிட்டால் நீ தயாரா? அதை விட்டுவிட்டுப் பெஞ்சில் போனை நோண்டிக்கொண்டிருந்தால், நீ கழற்றாவிட்டாலும் கையுறை தானே கழன்றுவிடும். கார்னர் வரும்போது உங்கள் அணியில் யார் தன் ஆளைத் தவறவிடுகிறான், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன் ஏறிப் போனால் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது, இதையெல்லாம் பார். கோலில் நிற்பவனுக்குப் பந்தைப் பார்க்கவே நேரம் போதாது. பெஞ்சில் இருப்பவனுக்கு முழு ஆட்டமும் தெரியும்.

நூனோ அதை வீணாக்கவில்லை. 2010-ல் ஓய்வு பெற்று, மலாகாவில் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 2012-ல் ரியோ ஆவே என்ற சின்ன கிளப்புக்கு மேனேஜர் ஆனார். 2014-ல் அந்த அணி போர்ச்சுகலின் இரண்டு கோப்பைகளிலும் இறுதிவரை போனது. இரண்டிலும் பென்ஃபிகாவிடம் தோல்வி, சரி. ஆனால் அதுவரை போனதே பெரிது. அப்புறம் வலென்சியா, போர்ட்டோ. 2017-ல் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த வுல்வர்ஹாம்ப்டன். முதல் சீசனிலேயே 99 புள்ளி எடுத்து மேல் நிலையான பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார், அடுத்த இரண்டு சீசனும் அங்கே ஏழாம் இடம். 2024-25-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டையும் ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அந்த சீசன் ஃபாரஸ்ட் கீப்பர் மாட்ஸ் செல்ஸ் 13 ஆட்டங்களில் கோலே விடவில்லை. பழைய கீப்பர் ஒருவர் வெளியே நின்று அணியை அடுக்கினால் அப்படித்தான் இருக்கும்.

அதனால் கழற்றாதே. படிப்பையும் விடாதே, உன் அம்மா என்னைத் திட்டுவார்.

அவ்வளவு கெட்டிக்காரரான நூனோவை லண்டன் கிளப் டாட்டன்ஹாம் நாலு மாதத்தில் அனுப்பியது ஏனாம்?
*(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)*

நல்ல கேள்வி, கொஞ்சம் குறும்பும் தெரிகிறது. 2021-ல் முதல் மூன்று லீக் ஆட்டத்திலும் 1-0 என்று வெற்றி. அதில் ஒன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக. அப்புறம் சரிவு. மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 3-0 என்று தோற்றதும் நவம்பர் 1-ல் கணக்கை முடித்துவிட்டார்கள். என் அபிப்பிராயம், அவருடைய ஆட்டத்துக்கு எதிரணி ஏறி வரவேண்டும். வந்தால் பந்தைப் பிடுங்கி ஓடுவார்கள். எதிரணி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டால் கை ஒடிந்ததுபோல் ஆகிவிடும். பெரிய கிளப்பில் ரசிகர்களுக்குப் பொறுமையும் கிடையாது. ஃபாரஸ்டில் வேறு கதை. உரிமையாளரோடு உறவு முன்போல் இல்லை என்று அவரே வெளியே சொன்னார், 2025 செப்டம்பரில் வேலை போனது. அந்த மாதம் முடிவதற்குள் வெஸ்ட் ஹாம் கூப்பிட்டுக்கொண்டது!

நடுவில் சவூதி போய், 2022-23-ல் அல் இத்திஹாதை லீக் சாம்பியன் ஆக்கினார். ரொனால்டோ இருந்த அல் நாசர் இரண்டாம் இடம்.

எங்கள் ஊரில் வந்து இறங்கிய போர்த்துகீசியர் கால்பந்தைக் கொண்டுவராமல் போனது ஏன்?
*(வாசகர், பரங்கிப்பேட்டை)*

அவர்கள் வந்தது பதினாறாம் நூற்றாண்டில் ஐயா. இன்றைய கால்பந்துக்கு லண்டனில் விதி எழுதியதே 1863-ல்தான். பாவம், அவர்கள் மேல் பழி போடாதீர்கள்.

என் மகன் கீப்பர். 11-ஆம் எண் ஜெர்சிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கீப்பருக்கு 1 தானே?
*(வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)*

வழக்கம் 1 தான். ஆனால் உங்கள் மகன் விஷயம் தெரிந்தவன் போலிருக்கிறது. 2017-ல் நூனோ வுல்வர்ஹாம்ப்டனுக்கு வந்த சில வாரங்களில், அங்கே கீப்பராக இருந்த கார்ல் இகேமேவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடுத்த வருடம் போர்ச்சுகலின் ரூயி பட்ரீசியோ கீப்பராக வந்தார். இகேமே மேல் இருந்த மரியாதையில் 1-ஆம் எண்ணை எடுக்காமல் 11-ஐப் போட்டுக்கொண்டு ஆடினார். வாங்கிக் கொடுங்கள் அம்மா. இடது பக்கம் ஆடும் பையன் ஏற்கெனவே 11 கேட்டிருந்தால் மட்டும் சண்டை வரும், அதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்.