இன்னும் ஒரு ஈற்று என்று எத்தனை நாள்?

கேள்வி: குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் எங்கள் வீடு. மூன்று பசு வளர்க்கிறோம். மூத்தது செம்பி, ஜெர்சி கலப்பு. பதினொரு வயது, ஏழு ஈற்று ஈன்றவள். கடைசியாகக் கன்று போட்டு பத்து மாதம் ஆகிறது. இப்போது மூன்று லிட்டர்தான் கறக்கிறாள். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்றே நினைக்கிறோம். கடைசி ஊசி போட்டு இரண்டரை மாதம் இருக்கும். வாசலில் வந்த வியாபாரி 18 ஆயிரம் கேட்டார். கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். அடிமாட்டுக்குக் கொடுக்கவே கூடாது, இன்னும் ஒரு ஈற்று பார்ப்போம் என்கிறார் மாமியார். நான் யார் பக்கம் பேசுவது?

பதில்: சகோதரி, யார் பக்கமும் பேசுவதற்கு முன்னால் கால்நடை மருந்தகத்திலிருந்து மருத்துவரை ஒருமுறை வரவழையுங்கள். ஊசி போட்டு இரண்டரை மாதம் என்கிறீர்கள். இரண்டு மாதம் தாண்டினால் கையை விட்டே சினை பார்த்துச் சொல்லிவிடலாம். பருவத்துக்கு வரவில்லை என்பதை வைத்துச் சினை என்று நினைப்பதும், வயதாகிவிட்டது என்பதை வைத்துச் சினை இல்லை என்று நினைப்பதும் ஒரே தப்பு. செம்பி சினையாக இருந்தால் வியாபாரி கேட்டது சினை மாட்டின் விலையே இல்லை. அப்படியானால் மாமியார் கட்சி ஜெயித்தது. கீழே எழுதியிருப்பதைப் படிக்காமல் பத்திரிகையை மூடிவிடலாம்.

சினை இல்லை என்றால் கணக்குக்கு வருவோம். புண்ணாக்கும் தவிடும் தினம் 110 ரூபாய், வைக்கோல் 60 என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பால் லிட்டர் 35 ரூபாய் என்றால் மூன்று லிட்டருக்கு 105. நாளுக்கு 65 கைநட்டம், மாதம் சுமார் 2,000. ‘ஒரு ஈற்று’ என்பது இன்றைக்கே சினை நின்றாலும் ஒன்பது மாதத்துக்கு மேல். அதில் கடைசி இரண்டு மாதம் வற்றுக்காலம், சொட்டுப் பால் கிடையாது. கலப்பினப் பசுவுக்கு மூன்றாம் ஈற்றிலிருந்து ஐந்தாம் ஈற்று வரைதான் நல்ல கறவை. எட்டாவது ஈற்றை நம்பி இத்தனை பணம் போட நான் சொல்லமாட்டேன்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பசு இருந்தது. இன்னும் ஒரு ஈற்று, இன்னும் ஒரு ஈற்று என்றே மூன்று வருடம் ஓட்டினோம். ஒரு ஆனி மழையில் தொழுவத்துச் சாணியில் சறுக்கி விழுந்தவள் எழும்பவேயில்லை. நான்கு நாள் சாக்கை விரித்துப் புரட்டிப் புரட்டிப் போட்டோம். பிறகு ஜேசிபிக்காரனுக்குக் கூலி கொடுத்து ரப்பர் தோட்டத்து மூலையில் குழி வெட்டினோம். விற்கவும் இல்லை, அவளை நிம்மதியாக வைத்திருக்கவும் இல்லை. கிழட்டு மாட்டை விற்கிற காலம் எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: தன் காலால் நடந்து வண்டியில் ஏறக்கூடிய காலம். படுத்த மாட்டுக்கு வியாபாரியும் வரமாட்டான், பயணத்துக்கு மருத்துவர் சான்றும் தரமாட்டார்.

ஆனால் 18 ஆயிரத்துக்கு இன்றைக்கே கயிற்றை அவிழ்க்க வேண்டாம். வாசலில் வருகிறவர் கண்ணால் எடை போடுவார். நீங்கள் டேப்பால் போடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் எத்தனை அங்குலம் என்று அளக்கவும். நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழ உயிர் எடை கிலோவில் வரும். நெஞ்சளவு 64, நீளம் 54 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 335 கிலோ. மெலிந்த கிழட்டுப் பசுவில் கறியும் எலும்புமாக நாற்பது சதவீதம் தேறினாலே 134 கிலோ. அவர் கேட்டது கிலோவுக்கு 134 ரூபாய்தான். உங்கள் ஊர் இறைச்சிக் கடையில் என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டிச் செலவு, கூலி, தரகு, அவருடைய லாபம் எல்லாம் கழியும், கழியட்டும். ஆனாலும் பேசுவதற்கு இடம் இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகரானால் பேசி முடித்த தொகையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது வாய். கீழ்த்தாடை முன்பல் எட்டும் வரிசையாக இருக்கின்றனவா? தேய்ந்திருப்பது பரவாயில்லை. இடையிடையே விழுந்து ஓட்டையாக இருந்தால் எவ்வளவு தீனி போட்டாலும் உடம்பில் ஒட்டாது. அப்படியானால் தள்ளிப்போடாமல் விற்றுவிடுங்கள். பல் நன்றாக இருந்தால் மட்டும் இரண்டு மாதம் பொறுக்கலாம், அதுவும் கறவையை நிறுத்திவிட்டு. மூன்று லிட்டர் பாலாக வெளியே போகிற சத்து அப்போதுதான் சதையாகும். உங்கள் கடிதம் வந்திருப்பதும் நல்ல சமயம். கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து நாஞ்சில் நாட்டு வைக்கோல் இறங்கியிருக்கும். மழையில் புல்லுக்கும் பஞ்சமில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் விலை பேசினால் கிறிஸ்துமஸுக்குச் சரக்குத் தேடுகிற வியாபாரிகள் வருவார்கள். அதைத் தவறவிட்டு, ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் போய் நின்றால் கறி வாங்குகிற வீடே குறைவு. பங்குனி வெயிலில் புல் காய்ந்து எல்லோரும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சதை போடட்டும் என்று மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கின் தோலையும் இலையையும் பச்சையாக அள்ளிப் போட்டுவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் அதைத் தின்று செத்த மாடுகள் கொஞ்சமல்ல. வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சமாகக் கொடுக்கலாம். மடிநோய்க்கோ வேறெதற்கோ மருந்து போட்டிருந்தால் எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே விற்க வேண்டும்.

அடிமாடு என்ற சொல்லுக்கு வருகிறேன். மாமியாரின் மனம் நோகக் கூடாது என்று, வளர்க்க வாங்குகிறார்கள் என்று பொய் சொல்லாதீர்கள். பதினொரு வயதில் சினை நிற்காத பசுவை வளர்க்க யாரும் வாங்குவதில்லை என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயது தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டை, அல்லது தீராத நோயாலோ காயத்தாலோ முடங்கிய மாட்டைத்தான் சான்று பெற்று வெட்டவிடுகிறது. 1976இல் வந்த அரசாணை பசுவையும் கிடேரியையும் அறுப்புக்கூடங்களில் வெட்டக் கூடாது என்று தடுக்கிறது. கேரளத்தில் அந்தத் தடை இல்லை. எல்லையிலிருக்கும் களியக்காவிளை வழியாக வண்டிகள் போவதன் காரணம் அதுதான். போகிற வண்டிக்கு மருத்துவச் சான்று வேண்டும், ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. இந்தக் காகிதங்களைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிற வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள். செம்பியின் காதுவில்லையில் இருக்கும் 12 இலக்க எண், தேதி, தொகை, வாங்கியவர் பெயர் எல்லாம் எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்கி வையுங்கள். அச்சாரம் கொடுத்துவிட்டு மீதி அடுத்த வாரம் என்றால், மாடும் அடுத்த வாரம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மாமியார் சம்மதிக்கவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை. பால் நின்ற பிறகு புண்ணாக்கு வேண்டாம், வைக்கோலும் புல்லும் போதும், செலவு பாதிக்கும் கீழே இறங்கும். அது ஈற்றுக்காக அல்ல, அவளுக்காகச் செய்கிற செலவு என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

விற்பதென்று முடிவானால் வியாபாரியைப் புதுக் கயிறு கொண்டுவரச் சொல்லுங்கள். செம்பியின் பழைய கயிற்றை மாமியார் கையாலேயே கழற்றித் தொழுவத்து ஆணியில் மாட்டட்டும்.