பின்வாசலை மூடச் சொல்வதற்கு முன்

கேள்வி: எங்கள் தெரு 7 மீட்டர் அகலம். கோடியில் பூங்காவின் பின்வாசல். அதற்கு மேல் வழி கிடையாது. சனி, ஞாயிறு மாலைகளில் பூங்காவுக்கு வருபவர்களின் கார்கள் இரு பக்கமும் நின்றுவிடுகின்றன. எங்கள் வண்டியை வெளியே எடுக்க முடிவதில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. பின்வாசலை நிரந்தரமாக மூடச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம். பலன் கிடைக்குமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஓரமாக நிற்கும் ஒரு கார் சுமார் 2 மீட்டர் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். இரு பக்கமும் நின்றால் நடுவே மிஞ்சுவது 3 மீட்டர்தான். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய 2.5 மீட்டர். ஒருவர் ஓரத்தைவிட்டு அரை மீட்டர் தள்ளி நிறுத்தினாலும் வழி அடைபட்டுவிடும். தெருமுனை இன்னும் மோசம்: நீள வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வாங்கி வரும். முனையில் ஒரு கார் நின்றாலே வண்டி திரும்ப முடியாது. எனவே தெருவின் ஒரு பக்கத்திலும் முனையின் இரு பக்கங்களிலும் வண்டி நிறுத்தத் தடை வேண்டும் என்பதே மனுவின் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

பின்வாசலை மூடக் கேட்காதீர்கள். அந்த வாசல் வழியாக நடந்து வருபவர்கள் உங்களுக்குத் தொல்லை தருபவர்கள் அல்லர். வாசலை மூடினால் சுற்றிப்போக வேண்டிய தூரத்துக்குப் பயந்து அவர்களில் சிலர் வண்டியை எடுப்பார்கள். அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களும் உங்கள் மனுவுக்கு எதிராக நிற்பார்கள்.

கார்கள் ஏன் உங்கள் தெருவைத் தேடி வருகின்றன என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் யாரும் யோசிக்காத இடம் கைபேசி வரைபடம். பூங்காவின் பெயரைத் தட்டினால் குறி பூங்காவின் நடுவே விழலாம். செயலி அந்தக் குறிக்கு மிக அருகிலுள்ள சாலைக்கு வழிகாட்டும். அது உங்கள் தெருவாக இருக்கலாம். மூன்று வெவ்வேறு திசைகளிலிருந்து காரில் வருவதுபோல் வழி கேட்டுப் பாருங்கள். உங்கள் தெருவில் கொண்டுவந்து விட்டால் கூகுள் மேப்ஸுக்குத் திருத்தம் அனுப்புங்கள். முன்வாசலும் வண்டி நிறுத்தமும் தனித்தனி இடங்களாகப் பதிவாகட்டும். யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வாசல்களை நீங்களே குறிக்கலாம். ஆத்திரத்தில் தெருவே மூடியிருப்பதாகப் பொய்யாகப் பதிந்துவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் அதே வரைபடத்தைப் பார்க்கக்கூடும்.

அடுத்தது எண்ணிக்கை. நூறு கையெழுத்தைவிட ஒரு பக்க அட்டவணைக்கு அதிகாரிகளிடம் மதிப்பு அதிகம். இரண்டு வார இறுதிகள், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வேலை நாள். மழை நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தெருமுனையில் இருவர் நின்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போனவை, வெளியே வந்தவை என்று தனித்தனியாக எழுதுங்கள். நம்பர் பிளேட்டின் கடைசி மூன்று எண்களையும் நேரத்தையும் குறித்தால் போதும். எந்த வண்டி எவ்வளவு நேரம் நின்றது, எது இடம் கிடைக்காமல் இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பியது என்று தெரிந்துவிடும். இந்தத் திரும்பும் வண்டிகளைக் கவனியுங்கள். மூடுதெருவில் இடம் கிடைக்காத ஒவ்வொரு காரும் இருமுறை கடக்கிறது, நடுவில் பின்னோக்கியும் எடுக்கிறது. குழந்தைகளுக்கு ஆபத்து அங்கேதான். அதே நேரத்தில் முன்வாசல் நிறுத்தத்தில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்பதையும் ஒருவர் எண்ண வேண்டும். அங்கே இடம் இருந்தால் உங்கள் வாதம் பாதி வென்றுவிட்டது.

வண்டிகளின் வேகமும் ஒரு தொல்லை என்றால் 50 மீட்டர் அளந்து இரு கோடு போட்டு ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். 6 விநாடியில் கடந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர், 4.5 விநாடி என்றால் 40. ஆனால் இரு பக்கமும் கார் நிற்கும் தெருவில் வேகம் தானாகவே குறைந்திருக்கும். ஒரு பக்கத்தைக் காலிசெய்த பிறகு அது கூடலாம், அப்போது மறுபடி அளந்துவிட்டு வேகத்தடை கேளுங்கள்.

அறிவிப்புப் பலகை தெருவுக்குள் இருந்து பயனில்லை. அதைப் படிக்கும்போது ஓட்டுநர் ஏற்கெனவே திரும்பிவிட்டிருப்பார். ‘பூங்கா வண்டி நிறுத்தம் நேரே’ என்ற பலகை பெரிய சாலையில், திருப்பத்துக்கு முன்பே இருக்க வேண்டும். குடியிருப்போருக்கு மட்டும் நிறுத்த அனுமதி என்ற முறையைக் கேட்பதானால் அடுத்த இரண்டு தெருக்களையும் சேர்த்தே கேளுங்கள். இல்லாவிட்டால் கார்கள் அங்கே நகரும், சண்டையும் கூடவே நகரும்.

எதையும் நிரந்தரமாகக் கேட்காமல் மூன்று மாதச் சோதனையாகக் கேட்டால் ஒப்புதல் எளிது. சோதனை முடிகையில் அதே கிழமை, அதே மணி, அதே இடத்தில் மீண்டும் எண்ணி இரு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதுவரை வீட்டு வாசலில் கல், தொட்டி, சொந்தப் பலகை எதுவும் வைக்காதீர்கள். பொதுத்தெருவை மறித்தவர் என்ற பெயர் உங்களுக்கு வரும். இரவில் அதில் முட்டிக்கொள்வது சைக்கிளில் வரும் உங்கள் தெருப் பிள்ளையாகவே இருக்கலாம்.