வாசகர் கேள்வி–பதில்: பெயர்ச்சீட்டை நம்பலாமா?

கேள்வி: கண்காட்சிக்கு வைக்கப்போகும் ஆர்க்கிட் செடியை 'ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டுசா' என்று சொல்லி விற்றார்கள். பூத்தபின் பார்த்த ஒருவர், 'ஏரிடிஸ்' என்கிறார். எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நிறத்தையும் இலையையும் விட்டுவிடுங்கள். வார் போன்ற இலை, தொங்கும் பூங்கொத்து, வெள்ளையில் ஊதாப் புள்ளி எல்லாம் இரண்டிலும் வரும். ஒரு பூவைப் பக்கவாட்டில் திருப்பி உதட்டின் (மற்றவற்றிலிருந்து மாறுபட்ட அல்லி இதழ்) அடியைப் பாருங்கள். ரெட்டுசாவில் அது பையாகி, பை பின்னோக்கி நிற்கும். ஏரிடிஸ் ஓடரேட்டாவில் உதட்டடியின் குழல் கொம்பு மாதிரி முன்னோக்கி வளைந்து மேலேறும். நேர்முகமாக எடுத்த படத்தில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. பெயர்க் குழப்பத்தில் பாதி அப்படிப்பட்ட படங்களால் வருவதுதான்.

கேள்வி: என் ஆர்க்கிட் டென்ட்ரோபியம் பேரினமா, எரியா பேரினமா என்று தெரியவில்லை. மகரந்தத் திரளை (மகரந்தம் ஒட்டிச் சேர்ந்த கட்டி) எண்ணச் சொல்கிறார்கள். பூ கெடாதா?

பதில்: கெடும். அதனால் கண்காட்சி நடுவர்களின் மதிப்பீடு முடிந்தபின், ஒரே ஒரு பூவில் செய்யுங்கள். பூத்தூணின் (பூவின் நடுவே ஆண், பெண் உறுப்புகள் ஒன்றிய தண்டு) நுனியில் தொப்பி போல மகரந்த மூடி இருக்கும். பல்குச்சியால் அதைக் கீழிருந்து மெல்ல நெம்பினால் மூடி கழன்று விழும். மஞ்சள் திரள்கள் வெளிப்படும். 10 மடங்கு லென்ஸில் எண்ணுங்கள். டென்ட்ரோபியத்தில் 4, எரியாவில் 8. மூடிக்குள்ளேயே சில தங்கிவிடும். அதையும் கவிழ்த்துப் பார்க்காமல் எண்ணிக்கை சொல்லாதீர்கள். சிம்பிடியம் என்ற ஆர்க்கிட்டில் மூடியைக் கழற்றினாலே உதடு சிவந்து பூ சீக்கிரம் வாடிவிடும். மதிப்பீட்டுக்கு முன்னால் கை வைக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

எண்ணிய பூவை எறியாதீர்கள். எத்தனால் 70, நீர் 28, கிளிசரின் 2 பங்கு கலந்த திரவத்தில் போட்டு வையுங்கள். வடிவம் நிற்கும், நிறம் நிற்காது. ஆகவே மில்லிமீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து முன்புறம், பக்கவாட்டு, நீளவாக்கில் பிளந்த உதடு, முழுச்செடி என நான்கு படங்களை முதலில் எடுத்துவிடுங்கள். அமெரிக்க ஆர்க்கிட் சங்கத்தின் தோட்டக்கலைத் தகுதிச் சான்றிதழுக்கு 80 புள்ளி கிடைத்தாலும், இனம் உறுதியாகும்வரை விருது நிலுவையில்தான் இருக்கும். அப்போது இந்தப் படங்களும் பூவும்தான் கைகொடுக்கும்.

கேள்வி: பூவின் விவரணை எழுதும்போது எதிலிருந்து தொடங்குவது?

பதில்: எண்ணிக்கையிலிருந்து. எத்தனை மஞ்சரி (பூங்கொத்து), எத்தனை பூ, எத்தனை மொட்டு. அடுத்து புல்லி இதழ், அல்லி இதழ், உதடு, பூத்தூண் என்ற வரிசையில் நிறம். கடைசியில் இதழின் தடிமனும் மேற்பரப்பும். இப்படி: "தொங்கும் 2 மஞ்சரிகளில் 96 பூ, 11 மொட்டு, புல்லி, அல்லி இதழ்கள் வெண்மை, ஊதாப் புள்ளிகள், உதடு ஊதா, பை பின்னோக்கியது, இதழ் தடித்தது, மெழுகுப் பளபளப்பு." 'மனம் கவரும்', 'அபூர்வ அழகு' போன்றவற்றை அடித்துவிடுங்கள். அவற்றை வைத்து எவராலும் ஒரு பூவை அடையாளம் காண முடியாது.

அளவுக்கு முழுதாக விரிந்த, சராசரியான ஒரு பூவைத் தேர்ந்தெடுங்கள். மிகப் பெரியதை அல்ல. இதழை விரலால் தொடாமல் இயல்பான குறுக்கு விரிவையும் நெடுக்கு விரிவையும் முதலில் எடுங்கள். அதன்பின் ஒவ்வொரு இதழின் நீள அகலம். வளைந்த இதழைத் தட்டையாக்கி அளந்தால் எண் கூடும். 'தட்டையாக்கி அளந்தது' என்று குறிக்காவிட்டால் அடுத்த பதிவோடு ஒப்பிட முடியாது. நிறத்தை நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் ஊதா பழுப்பாகிவிடும்.

கேள்வி: சீட்டில் 'லேலியா பர்பூராட்டா', புத்தகத்தில் 'கேட்லியா பர்பூராட்டா'. எது சரி?

பதில்: ஒரே செடிதான். இப்போது ஏற்கப்பட்ட பெயர் கேட்லியா. அதை முதலில் எழுதி, பழைய பெயரை 'முன்னாள் பெயர்' என்று அடுத்த வரியில் தாருங்கள். அஸ்கோசென்ட்ரம் பேரினம் வாண்டா பேரினத்துக்குள் போனதற்கும் இதே முறைதான்.