ஊர்ச் சங்கம் சோலார் போடுவதற்கு முன், திட்டமிடலுக்கே மானியம் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் பொதுவாக ஒரு சோலார் திட்டம் செய்ய யோசிக்கிறது. இப்படியான திட்டத்தைத் தீட்டுவதற்கே அங்கே அரசாங்கம் காசு கொடுக்கிறது என்று லண்டனில் இருக்கிற சித்தப்பா சொல்கிறார். உண்மையா? வன்னியில் எங்களுக்கும் அப்படி ஏதாவது கிடைக்குமா?

சித்தப்பா சொல்வது உண்மைதான். நான் கிளிநொச்சிப் பக்கம் கூட்டுறவு வேலையில் இருப்பவன். எங்கள் கூட்டங்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் பத்தாயிரம் பேருக்கும் குறைவாக வாழும் ஊர்களுக்கென்று 2013 இல் ஒரு கிராமிய எரிசக்தி நிதியம் தொடங்கினார்கள். 2019 இல் அதைப் புதுப்பித்து ஒரு கோடி பவுண் ஒதுக்கியபோது இரண்டு கட்டமாகக் கொடுத்தார்கள். முதல் கட்டத்தில், திட்டம் அந்த ஊருக்குச் சரிவருமா என்று பார்க்கும் சாத்தியவள ஆய்வுக்கு 40,000 பவுண் வரை. ஆய்வு நம்பிக்கை தந்தால், அனுமதி எடுக்க, சட்ட வேலை பார்க்க, முதலீடு திரட்டும் அளவுக்குத் திட்டத்தைக் கொண்டுவர, இரண்டாம் கட்டத்தில் 100,000 பவுண் வரை. அது 2022 இல் முடிந்தது. 2023 இல் நகரங்களையும் சேர்த்து இன்னொரு ஒரு கோடி பவுணோடு அடுத்த நிதியம் வந்தது.

இந்தக் காசில் ஒரு பனல்கூட வாங்க முடியாது. பொருளுக்கும் பூட்டுகிற கூலிக்கும் சங்கம் வேறு வழி பார்க்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் முழுத் திட்டத்திலும் யாரும் காசு போடத் துணியாத இடம் அந்த முதல் கட்டம்தான். வங்கி அறிக்கை கேட்கும், அறிக்கை செய்யக் காசு வேண்டும், அந்தக் காசுக்குப் பிணையாக வைக்க ஊர்ச் சங்கத்திடம் ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியை அரசாங்கம் நிரப்புகிறது. ஆய்வு "இந்த இடத்தில் இது சரிவராது" என்று முடிந்தாலும் மானியத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. ஸ்கொட்லாந்தில் அனுமதிக்கு முந்திய வேலைகளுக்குக் கடன் கொடுத்து, திட்டம் நின்றுபோனால் அந்தக் கடனைத் தள்ளிவிடும் ஏற்பாடும் இருந்தது. ஒரு ஊர் தன் திட்டத்தை ஆராய்ந்து பார்த்து, வேண்டாம் என்று முடிவெடுக்கவும் பொதுப்பணம் துணை நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எங்களுக்கு வருகிற உதவி பெரும்பாலும் பொருளாகத்தான் வருகிறது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த சோலார் தெருவிளக்குகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். பற்றரி போனதும் பல இடங்களில் கம்பம் மட்டும் நிற்கிறது. பற்றரியை யார் மாற்றுவது, அதற்கு மாதாமாதம் யார் சேர்ப்பது என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேச ஒருவரும் காசு ஒதுக்கவில்லை.

இலங்கையிலும் நல்ல முன்மாதிரி ஒன்று இருந்தது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து மலைக்கிராமங்களில் மக்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, ஓடை நீரில் சிறு நீர்மின் நிலையங்கள் கட்டினார்கள். 1997 இல் தொடங்கிய உலக வங்கித் திட்டமும், 2002 முதல் 2011 வரை நடந்த அதன் தொடர்ச்சியும் இதற்கு உதவின. வங்கிக் கடன், ஊரவர் உழைப்பு, மானியம் என்று மூன்றும் சேர்ந்தன. திட்டம் தயாரிக்கும் தொழில்நுட்ப உதவியும் அதற்குள் இருந்தது. பிறகு தேசிய மின்கம்பி அந்த ஊர்களுக்குப் போனதும் பல நிலையங்கள் கைவிடப்பட்டன. வன்னிக்கு அந்தக் காலம் குப்பி விளக்கும் போரும்தான்.

இன்று ஊர்ச் சங்கம் விண்ணப்பித்துத் திட்டமிடலுக்கு மட்டும் காசு வாங்கும் நிதியம் ஒன்றை நான் இங்கே கண்டதில்லை. இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைக் கவனிக்கும் அரச அமைப்பான நிலைபெறுதகு வலு அதிகாரசபையை உருவாக்கிய 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்திலேயே ஒரு நிதியம் பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியான நிதியில் ஒரு சிறு பங்கை ஊர்ச் சங்கங்களின் ஆய்வுகளுக்கு ஒதுக்கும்படி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் நாங்கள் கேட்க வேண்டும். மன்னாரில் 103.5 மெகாவாட் காற்றாலைப் பூங்கா 2020 இல் திறக்கப்பட்டது. இத்தனை பெரிய திட்டங்களுக்கு எத்தனையோ ஆய்வு செய்கிற நாட்டில், ஒரு அரிசி ஆலைக் கூரைக்கு ஆய்வு செய்ய ஊருக்கு உதவ முடியாதா?

சரி, அதுவரைக்கும் என்ன செய்யலாம்? காசில்லாமல் நீங்களே முடிக்கக்கூடிய பகுதி நிறைய இருக்கிறது.

முதலில் பில். சங்கக் கட்டடம், ஆலை, ஐஸ் அறை, பொதுக் கிணற்று மோட்டர் என்று எதெல்லாம் சங்கத்தின் பெயரில் இருக்கிறதோ, அவற்றின் ஒரு வருடப் பில்லை மாதவாரியாக அடுக்குங்கள். கூரைச் சோலார் ஏற்பாடு ஒரு மின்சாரக் கணக்கோடு கட்டப்பட்டது. அதனால் "ஊருக்குப் பொதுவாக" என்று சொன்னால் போதாது, எந்தக் கணக்கில் என்பதைத் தீர்க்க வேண்டும். அடுத்தது காலம். சிறுபோகத்தில் வெயிலும் இறைப்பும் ஒன்றாக வருகின்றன, சோலாருக்கு அது நல்ல பொருத்தம். மாரியில் கார்த்திகை, மார்கழி முழுக்க மப்பு, மோட்டரும் ஓடாது. ஆலைக்கோ அறுவடை முடிந்த பிறகுதான் வேலை. இவை ஒன்றோடொன்று எப்படிச் சேருகின்றன என்பதை உங்கள் கமக்காரர்களைவிட வெளியாள் நன்றாகச் சொல்ல முடியாது.

மிச்ச மின்சாரத்தை விற்று இலாபம் பார்க்கலாம் என்ற கணக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டில் மின்பாவனை குறைந்தபோது, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. பகலில் தானே பாவிக்கிற திட்டத்துக்கு இதில் பாதிப்புக் குறைவு. விற்கிற மின்சாரத்துக்குத் தரும் விலையும் இடைக்கிடை மாறுகிறது.

பிறகு, உங்கள் ட்ரான்ஸ்போமர் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று உங்கள் பகுதி மின் பொறியியலாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அது நிறைந்திருந்தால் மற்ற எல்லாம் வீண். நிலத்தில் போடுவதென்றால் காணிப் பத்திரத்தைப் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நகராது. வன இலாகா எல்லை பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

2022 இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது எங்கள் கமக்காரரும் கடற்றொழிலாளரும் பட்ட பாடு தெரியும்தானே. அதனால்தான் இந்த ஆசை எல்லா ஊரிலும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. அந்த அவசரத்தில் விற்பனைக்கு வருகிற கம்பனியே "இலவசமாக" அறிக்கை எழுதித் தரும். அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். தன் பொருளை வாங்க வேண்டாம் என்று எந்தக் கம்பனியும் எழுதாது.

சித்தப்பாவும் லண்டனில் உள்ள உங்கள் ஊரவர் சங்கமும் உதவுவதாக இருந்தால், முழுத் தொகையையும் ஒரேயடியாக அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் ஒரு சிறு தொகை, விற்பனையில் சம்பந்தமில்லாத ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுப் பார்க்க. அவருடைய அறிக்கையைப் பொதுக்கூட்டத்தில் வாசித்து, அங்கத்தவர்கள் கை உயர்த்திய பிறகு மிச்சம். பற்றரிக்கும் திருத்த வேலைக்கும் மாதச் சேமிப்பு எவ்வளவு என்பது அதே கூட்டத்தில் முடிவாக வேண்டும். பில் விவரமும் ட்ரான்ஸ்போமர் பதிலும் கைக்கு வந்ததும் இங்கே எழுதுங்கள், எத்தனை கிலோவாட் பொருந்தும் என்று சேர்ந்து பார்க்கலாம்.