லீவு நாளில் எத்தனை தடவை தேத்தண்ணி?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "சித்திரை லீவு முழுக்க ஆறு வயது மகளும் நான்கு வயது மகனும் அப்பாயியோடுதான். நான் கொழுந்து பறிக்கப் போய்விடுவேன். பிளேன்டீ, பிஸ்கட், டொஃபி என்று பிள்ளைகளின் வாய் ஓய்வதே இல்லை. மகனின் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி தெரிகிறது. 'பால்பல்தானே, விழுந்து முளைக்கும்' என்கிறார் அப்பாயி. நான் என்ன செய்ய வேண்டும்?"

அப்பாயி சொல்வது முன்பற்களுக்கு ஓரளவு பொருந்தும். அவை ஆறேழு வயதில் விழத் தொடங்கிவிடும். கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. உங்கள் மகன் அந்தப் பல்லை வைத்துத்தான் இன்னும் ஆறு வருடமாவது சாப்பிட வேண்டும். சொத்தை நரம்பைத் தொட்டால் இரவெல்லாம் அழுவான், கன்னம் வீங்கும். சரி, பிடுங்கிவிடலாம் என்றால், பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்து, பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு வழியில்லாமல் செய்துவிடும்.

மகளின் வாயையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஆறு வயதையொட்டி, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பலர் இதையும் பால்பல் என்றே விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சொத்தை முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

இனி தேத்தண்ணிக்கு வருவோம். தேயிலையால் பல் சொத்தையாவதில்லை. பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைட்டுகூட அதில் கொஞ்சம் இருக்கிறது. கெடுப்பது சீனி. வாயிலுள்ள கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. ஒரு மிடறு குடித்தாலும், பல்லை அரிக்கும் அந்த அமிலம் அடங்க எச்சிலுக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். ஸ்கூல் நாளில் மணியடித்தால்தான் தின்ன முடியும். லீவில் அரை மணிக்கு ஒரு பிஸ்கட், ஒரு மிடறு தேத்தண்ணி என்றால் அந்த அமிலம் பகல் முழுக்க அடங்குவதே இல்லை. ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதைத்தான் எண்ண வேண்டும்.

அப்பாயியிடம் "இனிப்பே கொடுக்காதீங்க" என்றால் நடக்காது. புத்தாண்டுப் பலகாரம் இருக்கும் வீட்டில் அப்படிச் சொல்வது நியாயமுமில்லை. இரண்டு நேரம் குறித்துக் கொடுங்கள்: காலை பத்து மணி, மாலை நான்கு மணி. கொக்கிஸ், அதிரசம், பிஸ்கட், சீனி போட்ட தேத்தண்ணி எல்லாம் அப்போது ஒன்றாக. இடையில் கேட்டால் தண்ணீர், கொய்யாக்காய், வெள்ளரிக்காய், அவித்த கடலை. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். சோற்றோடு தேத்தண்ணி வேண்டாம். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைத்துவிடும். சின்னவனுக்குச் சீனி போடாத பாலே நல்லது.

இரவில் பல் துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்க வேண்டாம். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், பல்லுக்குக் காவல் இருக்காது. குளிருக்குக் கொடுக்கும் இருமல் பாணியும் இனிப்புதான். அதைக் குடித்த பிறகு துலக்க விடுங்கள். பைப் தண்ணீர் ஐஸாக இருப்பதால்தான் பிள்ளைகள் துலக்காமல் ஓடுகிறார்கள் என்றால், அடுப்படியில் ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்துக் கொடுங்கள்.

கரி, சாம்பல் வேண்டாம். அவை பல்லைத் தேய்த்துவிடும், ஃபுளோரைட்டும் கிடையாது. அநுராதபுரம் போன்ற வறண்ட பகுதிகளின் கிணற்று நீரில் ஃபுளோரைட்டு அதிகம்; நம் மலைநாட்டு ஊற்று நீரில் மிகக் குறைவு. ஆகவே இங்கே பற்பசையிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். சிறுவர் பற்பசை சிலவற்றில் குறைவாகத்தான் இருக்கும். பெட்டியில் ஃபுளோரைட்டின் அளவு 1000 பிபிஎம் (ppm) அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு போதும். நுரையைத் துப்பினால் சரி, வாயைக் கொப்பளிக்க வேண்டாம். ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர்தான் துலக்கிவிட வேண்டும். காலையில் அவசரமென்றால் இரவிலாவது அதை நீங்களே செய்யுங்கள்.

இதெல்லாம் புதிய சொத்தையைத் தடுக்கும். மகனுக்கு ஏற்கெனவே விழுந்த குழி தானாக மூடாது, ஆகவே இந்த லீவிலேயே காட்டிவிடுங்கள். அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவில் காசு வாங்குவதில்லை. சில பாடசாலைகளோடு சேர்ந்துள்ள பல் சிகிச்சை நிலையங்களில் மூன்று வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரையான பிள்ளைகளைப் பார்ப்பார்கள். லீவில் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே கைமீறியதாகத் தெரிந்தால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். போகும்போது மகளையும் கூட்டிப்போய், அந்த ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களை மூடும் பூச்சுப் போட முடியுமா என்று கேளுங்கள்.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வலிக்கிறதென்று பல்லில் மாத்திரையைப் பொடித்து வைக்காதீர்கள், ஈறு வெந்துவிடும்.